பாதம் கழுவும் படமும் என் சர்க்கரைப் புண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத் திருப்பினால் வருடா வருடம் ஒரு படம் இருக்கும். வெள்ளை அங்கியில் ஒரு சாமியார் மண்டியிட்டிருப்பார், முன்னால் பித்தளைத் தாம்பாளம், நாற்காலியில் வரிசையாகப் பன்னிரண்டு பேர், அதில் ஒருவர் காலில் சாமியார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். கீழே ‘சீடர்களின் பாதம் கழுவும் நிகழ்ச்சி’ என்று ஒரு வரி. இயேசு தம் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் காலைக் கழுவியதை நினைத்து, முதல் நாளான பெரிய வியாழன் மாலை கோயிலில் செய்கிற சடங்கு அது. இந்த வருடமும் வந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது, எடுத்தவரைக் குறை சொல்லவில்லை. நான் எழுத வந்தது அந்தக் கால்களைப் பற்றி. எல்லார் காலும் பளபளவென்று இருந்தன. கழுவ வேண்டிய அவசியமே இல்லாத கால்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நாற்காலியில் நானே ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு எங்கள் கோயிலின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் சேர்த்துக்கொண்டார்கள், சேர்ந்த கொஞ்ச நாளில் ‘இந்த வருஷம் நீங்களும் ஒரு அப்போஸ்தலரா உட்காருங்க’ என்றார்கள். முதல் நாள் ராத்திரி வெந்நீரில் காலை ஊறப்போட்டு, பித்தவெடிப்பைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, அதோடு விட்டேனா, மறுநாள் சாயங்காலம் கிளம்பும்போது கோகுல் சாண்டல் பவுடர் வேறு போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, ‘இன்னிக்குக் கால் கழுவப் போறது ஃபாதரா, நீங்களா?’ என்று கேட்டாள். கோயிலில் வலது கால் மட்டும்தான். நாலு சொட்டுத் தண்ணீர், துண்டால் ஒரு ஒற்று, குனிந்து ஒரு முத்தம், அடுத்த ஆள். பாட்டுக்காரர்கள் இரண்டாவது சரணத்துக்குப் போவதற்குள் பன்னிரண்டு பேரும் முடிந்துவிட்டோம்.

சடங்கைக் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அது பிடித்த சடங்கு. இன்னும் சொல்லப்போனால், பங்குக் கோயில் பூசைக்குள் அது வந்ததே ரொம்பப் பின்னால்தான். 1955இல் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைத் திருத்தியபோதுதான் பெரிய வியாழன் மாலைப் பூசைக்குள் அதை வைத்தார்கள். அதற்கு முன்னால் ஆயர்களும் மடத்துத் தலைவர்களும் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள், ஐரோப்பாவில் ராஜாக்கள்கூட வருடம் ஒருநாள் ஏழைகள் காலைக் கழுவிவிட்டு மீதி நாளெல்லாம் ராஜாவாகவே இருந்தார்கள். நமக்கு அது புதிதா என்ன.

2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் பதவிக்கு வந்த இரண்டு வாரத்தில் பெரிய வியாழன் வந்தது. மார்ச் 28. பெரிய பேராலயத்தில் செய்ய வேண்டியதை அவர் ரோமில் இருக்கும் காசல் தெல் மார்மோ என்ற சிறார் சிறைக்குப் போய்ச் செய்தார். கால் நீட்டியவர்களில் பெண்கள் இருந்தார்கள், இஸ்லாமியர் இருந்தார்கள். சடங்கு விதிப் புத்தகத்தில் அதுவரை ‘ஆண்கள்’ என்று இருந்ததால் பலருக்கு அது உறுத்தியது. 2016 ஜனவரியில் அந்தச் சொல்லையே மாற்றி, இறைமக்களில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆணை வந்தது.

அந்த ஆணை எங்கள் பங்குக்கும் வந்து சேர்ந்தது. இங்கேதான் நான் சொல்ல வெட்கப்படுகிற கதை ஆரம்பிக்கிறது.

அப்போது இருந்த பங்குத்தந்தை சின்ன வயசுக்காரர், பேரவைக் கூட்டத்தில் ‘இந்த வருஷம் நாலு பெண்கள் இருக்கட்டும்’ என்றார். சரி என்றோம். மாதர் சங்கத் தலைவி, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, இப்படிப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நாலாவதாக அவர், நம்ம கோயில் வளாகம் பெருக்குற அம்மாவைப் போடலாமே என்று கேட்டார். கூட்டத்தில் ஒரு அமைதி. யாராவது வாய் திறக்க வேண்டுமே என்று நான் திறந்தேன். ‘போடலாம் ஃபாதர், ஆனா பேப்பர்ல படம் வரும், பார்க்க நல்லா இருக்காது’ என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, நாலாவது பெயராக ஒரு மருத்துவரின் மனைவி வந்தார். ஏன் நல்லா இருக்காது என்பதைக் கூட்டத்தில் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஐயா, உங்களுக்கும் புரிந்திருக்கும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை வைத்துச் சொன்னதுதான்.

அந்த அம்மா அந்தப் பன்னிரண்டில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தது அவர், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தது அவர், சடங்கு முடிந்து தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்ததும் அவர்தான்.

எனக்குச் சர்க்கரை வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நின்றுகொண்டே வேலை பார்த்த கால் வேறு. மூன்று வருடம் முன்னால் வயலோரம் நடந்துபோனபோது கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறி ஒடிந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. வலி இருந்தால்தானே தெரிய? மூன்றாவது நாள் என் பேத்தி ‘தாத்தா, நீங்க நடக்கிற இடமெல்லாம் தரையில செவப்பா இருக்கு’ என்றாள். காலைத் திருப்பிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து, முள்ளை எடுத்து, அழுகிய சதையை வெட்டி, விரல் தப்பித்தது. ‘தினமும் கட்டு மாத்தணும், விட்டா விரல் போயிடும்’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

தினமும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? வீட்டில் முதல் நாள் என் மகன் உட்கார்ந்தான், கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கே தாங்கவில்லை. வீட்டுக்காரம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. இரண்டு நாள் நானே கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொண்டு முயற்சி செய்தேன். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். அந்த அம்மா. ‘அண்ணே, கால்ல புண்ணுன்னு சொன்னாங்க, கட்டு கட்ட எனக்குத் தெரியும்’ என்றார். கோயிலில் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே அவர் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். கட்டை அப்படியே பிய்க்காமல் சலைனை ஊற்றி நனைத்து, காஸ் துணி தானாகக் கழன்று வரும்வரை காத்திருந்தார். புண்ணை நடுவிலிருந்து வெளியே வெளியே துடைத்தார், ஒரு பஞ்சை இரண்டு தடவை பயன்படுத்தவில்லை. அதற்குப் பிறகு மீதிக் காலைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் மெல்லிய துணி விட்டு ஈரம் போகத் துடைத்தார். ‘வெந்நீர்ல ஊறப்போட்டா நல்லதாம்மா?’ என்று கேட்டேன். சிரித்தார். ‘அது தொழுநோய்க்காரங்களுக்கு. எங்கப்பாவுக்கு அப்படித்தான் செய்வேன், இருபது நிமிசம் தண்ணியில ஊற வெச்சு, கல்லுல தேச்சு, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவணும். உங்களுக்கு ஊற வெச்சா புண்ணு பெருசாயிடும். சர்க்கரைக்காரங்க காலுல ஈரம் நிக்கக் கூடாது அண்ணே.’

அப்படித்தான் தெரிந்தது, அவர் பிறந்தது குடியாத்தம் பக்கம், அவருடைய அப்பா வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் வைத்தியம் பார்த்தவர். ஏழெட்டு வயசிலிருந்து கல்யாணம் ஆகி எங்கள் ஊருக்கு வரும்வரை தினம் சாயங்காலம் அப்பாவின் காலைக் கழுவியிருக்கிறார். தினமும். பெரிய வியாழன் அன்றைக்கு மட்டும் இல்லை.

கரிகிரி என்றதும் எனக்கு ஆர்வம் வந்து அங்கே இங்கே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்கிறேன், இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த ஆஸ்பத்திரியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் இறந்து அந்த மலையிலேயே அடக்கமானார். அம்மா ஈவ்லின், மிஷன் ‘வயதாகிவிட்டது, போதும்’ என்று ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி, மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போய், 1974இல் 95 வயதில்தான் கண்ணை மூடினார். இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த பிள்ளை 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருநாள் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடி என்று சொல்லியிருக்கிறார். பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்ததாம். செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கைக்குள் இவ்வளவு வலு இருக்கிறதே என்று யோசித்துத்தான், நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை ஆரம்பித்தார்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கால் சமாசாரம். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்றுதான் அதுவரை உலகம் நம்பிக்கொண்டிருந்தது. பிராண்டும் கூட இருந்தவர்களும் நோயாளிகளைப் பக்கத்திலேயே வைத்துக் கவனித்ததில், விரல் அழுகி விழுவதில்லை, மரத்துப்போனதால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகிறது என்று கண்டார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி ஏறியது தெரியாமல் நடக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எலி வந்து விரலைக் கடிப்பதுகூடத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்! என் கருவேல முள் கதையும் இதே கதைதான், நோயின் பெயர் மட்டும் வேறு. பிராண்ட் நோயாளியின் உள்ளங்காலைத் தன் கையால் தடவி எங்கே சூடு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாராம், சூடு இருக்கும் இடத்தில் அடுத்துப் புண் வரப்போகிறது என்று அர்த்தம். யாரும் தொடப் பயந்த கால்கள் அவை. அப்புறம் செருப்பு. காலுக்கு மெத்தென்று இருக்கிற ரப்பரில் செருப்பு செய்ய இவர்கள் பட்ட பாட்டின் பலன்தான் இன்று சர்க்கரைக்காரர்கள் எல்லாரும் கடையில் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பு. நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன். நீல வார் வைத்தது.

வேலூர் சி.எம்.சி.யின் குறிக்கோள் வாசகம், ஊழியம் கொள்ளும்படி வராமல் ஊழியம் செய்ய வந்தார் என்று மாற்கு பத்தாம் அதிகாரத்தில் இயேசு தம்மைப் பற்றிச் சொன்னதிலிருந்து எடுத்தது. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் கதை, திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று பேர் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியது, மூன்று தாய்மார் சாவு, எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுதவில்லை. நான் யோசித்தது அந்த ‘ஊழியம்’ என்ற சொல்லைப் பற்றி. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி கொடுக்காமல் வாங்குகிற வேலை. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சர்க்கார் பிடித்துக்கொண்டுபோய்ச் சுமை தூக்க வைத்தது ஊழியம். மறுக்க முடியாத வேலை. விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்து இயேசுவின் வாயில் வைத்தபோது கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கு ‘ஊழியக்காரர்’ என்றால் யார்? மேடையில் நடு நாற்காலியில் உட்காருபவர், பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வைக்கப்படுபவர். எங்கள் கத்தோலிக்கச் சபையிலும் அதே கதிதான், பழைய கிரேக்க மொழியில் பந்தி பரிமாறுகிறவனைக் குறித்த சொல்லை நாம் ‘திருத்தொண்டர்’ என்று ஆக்கி, குருப்பட்டத்துக்கு முந்தைய படியாக வைத்திருக்கிறோம். அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்ததே விதவைகளுக்குச் சோறு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று புகார் வந்ததால்தான். சாப்பாட்டுத் தகராறு ஐயா அது!

சாப்பாடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்குத் திருவிழாவில் கூட்டு விருந்து நடக்கும். முதல் பந்தியில் சாமியார்கள், பேரவை, நன்கொடையாளர்கள். கடைசிப் பந்தியில், பெரும்பாலும் சாம்பார் நீர்த்து, கூட்டு தீர்ந்த பிறகு, சமையலுக்கு விறகு சுமந்தவர்களும் இலை எடுத்தவர்களும். யாரும் இப்படித்தான் என்று எழுதி வைக்கவில்லை, தானாகவே அப்படி நடக்கும். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு பந்தி வாசலில் நின்ற ஆள், பேருந்தில் நின்ற பழக்கத்தில், நான். கொரிந்து நகரத்துச் சபையிலும் இதேதான் நடந்திருக்கிறது, வசதியானவர்கள் முன்னால் வந்து தின்றுவிடுகிறார்கள், ஏழை வந்து சேரும்போது பசியோடு நிற்கிறான் என்று பவுல் கடிதத்தில் திட்டியிருக்கிறார். அந்த வாசகம் எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசைக்கே வாசிக்கப்படும் அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டு வருகிற பகுதியை விட்டு, அதற்கடுத்த வரிகளிலிருந்துதான் வாசிப்போம்.

தாழ்மை தாழ்மை என்று நம் பிரசங்கங்களில் கேட்கிறோமே, அதை யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் என் சண்டை. சம்பளம் கேட்கும் சமையல்காரரிடம் ‘இது சேவை, கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்கிறோம். ஆயாவிடம், வாட்ச்மேனிடம், மிஷன் பள்ளியில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டீச்சரிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறோம். யோவான் நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அவர் பந்தியிலிருந்து எழுந்தார், மேலுடையைக் கழற்றி வைத்தார், துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது. எழுந்திருக்க அவருக்கு ஒரு இடம் இருந்தது, கழற்றி வைக்க ஒரு மேலுடை இருந்தது. அவரை போதகர், ஆண்டவர் என்று அழைத்துக்கொண்டிருந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து வாளியும் துணியுமாக இருப்பவளிடம் போய் இறங்கி வா என்றால் அவள் எங்கே இறங்குவாள்? எழுந்திருக்க வேண்டியது நாற்காலியில் இருக்கிற நான்.

சரி, நான் எழுந்தேனா? அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டு கட்ட வந்த முதல் வாரம் முழுக்க நான் அவரைத் தடுத்துக்கொண்டே இருந்தேன். ‘வேண்டாம்மா, நான் பார்த்துக்கிறேன்மா’ என்பேன். மரியாதையில் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். சீடர் பேதுருவும் அன்றைக்கு இயேசுவிடம், நீர் என் காலைக் கழுவ விடவே மாட்டேன் என்றுதானே சொன்னார்? ஆனால் என் மனசுக்குள் இருந்தது பேதுருவின் மரியாதை இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நான் சொன்னது இவருக்குத் தெரியுமோ என்ற பயம் ஒன்று, இவர் கை என் மேல் படுவதில் இன்னும் மிச்சமிருந்த கூச்சம் ஒன்று. உதவி செய்வது எனக்குப் பழக்கம், வின்சென்ட் தே பவுல் சபையில் உறுப்பினராக இருந்து வீடு வீடாக அரிசிப் பை கொடுத்திருக்கிறேன், கொடுக்கும்போது கேமராவைப் பார்த்து நின்றும் இருக்கிறேன். (1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் அந்தச் சபையைத் தொடங்கியபோது முக்கியமாக வைத்தது ஏழையின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவதை. பையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவதை இல்லை.) வாங்கிக்கொள்வதுதான் எனக்கு வரவில்லை. காலை நீட்டிக்கொண்டு, நாற்றம் அடிக்கிற புண்ணைக் காட்டிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். இயேசுவுக்கு அது தெரிந்திருக்கிறது. சீடர்கள் காலைக் கழுவுவதற்குச் சில நாள் முன்னால்தான் பெத்தானியாவில் மரியா அவருடைய காலில் தைலம் பூசிக் கூந்தலால் துடைத்தார், பேசாமல் காலை நீட்டிக்கொண்டிருந்தார் ஐயா அவர்.

அந்த அம்மாவைப் புனிதை ஆக்கிவிட வேண்டாம், அவருக்கே பிடிக்காது. கட்டு கட்டிக்கொண்டே ஊர் வம்பெல்லாம் பேசுவார். காஸ், சலைன் வாங்கிய பில்லை ஒரு ரூபாய் விடாமல் கேட்டு வாங்கிக்கொள்வார். நான் பிளேடால் காய்ப்பைச் சீவியதைப் பார்த்த அன்று ‘உங்களுக்கு அறிவிருக்கா அண்ணே’ என்று என் பேத்தி முன்னாலேயே திட்டினார். பதினோரு வாரம் வந்தார், நடுவில் அவர் பேரனுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் வரவில்லை. புண் மூடியது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, ‘கோயில்ல குடுக்கிற சம்பளத்த ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க, அது போதும்’ என்றார். அப்போதுதான் விசாரித்தேன். மாதம் நாலாயிரத்து ஐந்நூறு. அந்தக் கணக்கு வருடா வருடம் பேரவையில் என் கண் முன்னாலேயே வாசிக்கப்பட்டுக் கைதூக்கி நிறைவேற்றிய கணக்குதான்.

2013இல் சிறைக்குப் போன அதே பிரான்சிஸ், 2025 பெரிய வியாழன் அன்று ரோமில் ரெஜினா சேலி சிறைக்குச் சக்கர நாற்காலியில் போனார். நிமோனியாவிலிருந்து அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தார், குனிய முடியவில்லை. இந்த வருடம் என்னால் காலைக் கழுவ முடியாது, ஆனால் உங்கள் பக்கத்தில் இருக்க முடியும் என்று கைதிகளிடம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் போல இருந்துவிட்டு வந்தார். நாலே நாளில் இறந்துபோனார். அந்தச் செய்தியை உங்கள் நாளிதழில்தான் படித்தேன். தாம்பாளமும் துண்டும் இல்லாத பெரிய வியாழன்.

சம்பளத்தை ஏழாயிரமாக உயர்த்த வேண்டும் என்றும், திருவிழா விருந்தில் வேலை செய்தவர்கள் முதல் பந்தியில் உட்கார, பேரவை உறுப்பினர்கள் பரிமாற வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விருந்து விஷயத்துக்கு உடனே சரி சொல்லிவிட்டார்கள், அதில் செலவில்லை, படமும் நன்றாக வரும். சம்பள விஷயத்தை நிதிக்குழு பார்க்கட்டும் என்று இரண்டாவது முறையாக ஒத்திவைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் அந்த நாலாவது பெயர் கதையையும் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், கோழைத்தனம்தான். அவரிடம் நேரில் சொன்னேன். ‘அதெல்லாம் அன்னிக்கே தெரியும் அண்ணே’ என்று சொல்லிவிட்டு, காலைக் காட்டுங்க என்றார்.

அடுத்த வருடமும் உங்கள் புகைப்படக்காரர் ஏதாவது ஒரு கோயிலுக்கு வருவார். எங்கள் கோயிலுக்கு வந்தால் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள். கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் அந்த அம்மா தாம்பாளத்துக்குப் புளி போட்டுக்கொண்டிருப்பார். படம் எடுக்கச் சொல்லவில்லை, எடுத்தால் விரட்டிவிடுவார். அந்த இடம் பாசி பிடித்து வழுக்கும், பார்த்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.